நாகலெட்சுமி வீட்டு லைன்

வெள்ளிக்கிழமை காலை ஏழு மணிக்கு முப்பத்தெட்டு வீடுகளின் இன்டர்நெட்டைக் குறைத்தேன். வயர் எதையும் கழற்றவில்லை. லெப்டொப்பில் ஒவ்வொரு பெயருக்கும் எதிரே ஓர் எண் இருக்கும், அந்த வீட்டுக்கு எவ்வளவு வேகம் என்பதற்கு. ஒவ்வொன்றாக அழித்துவிட்டு அரை என்று அடித்தேன். அரை எம்பியில் வாட்சப்பில் எழுத்துப் போகும்; வீடியோ அசையாது. முப்பத்தொன்பதாவது பெயர் நாகலெட்சுமி, எட்டாம் லயம். அதற்கு எதிரே நாற்பது என்று அடித்தேன். என்னிடம் இருப்பதே மொத்தம் அறுபதுதான். இந்தத் தோட்டத்தில் ஒரே வீட்டுக்கு நாற்பது கொடுத்தது அதுதான் முதல் தடவை. அடித்து முடித்துவிட்டு, இன்றைக்கு என்னைத் திட்டப்போகிறவர்களை வரிசையாக நினைத்துக்கொண்டு தேத்தண்ணி போடப் போனேன்.

என் பெயர் சுதர்ஷினி. அந்தப் பெயரைச் சொல்லிக் கேட்டால் தோட்டத்தில் பாதிப் பேருக்குத் தெரியாது. வைபை அக்கா என்றால் மூன்று வயதுக் குழந்தையும் கை நீட்டி மேட்டைக் காட்டும். கொட்டகலையில் ஒரு போன் கடையில் எட்டு வருடம் நின்றேன். பிறகு கொழும்புக் கம்பனி ஒன்றுக்கு ஏஜெண்டாகப் பதிந்துகொண்டு இதைத் தொடங்கினேன். கொட்டகலை வரைக்கும் கம்பியில் வரும் லைனை அங்கிருந்து டிஷ் வைத்து இரண்டு மலை தாண்டி அக்கரப்பத்தனைப் பக்கம் எங்கள் மேல்பிரிவுக்கு எறிகிறேன். மேட்டின் உச்சியில் டவர், அதன் காலடியில் ஒரு காலத்தில் தேயிலைக் கன்று வளர்த்த நர்சரிக் கொட்டில். அதுதான் என் ஒபிஸ். லைன் எடுக்கிற வீட்டுக் கூரையில் ஒரு பைப்பில் சின்ன டிஷ் கட்டி டவரைப் பார்க்கத் திருப்பிவிடுவேன், வீட்டுக்குள் ஒரு ரவுட்டர். பிரிவு பள்ளத்துக்குள் கிடக்கிறது. போன் சிக்னல் கிடையாது. தண்ணி பிடிக்கிற பீலிக்கு மேலே ஒரு பாறை இருக்கிறது. அதில் ஏறி நின்றால் பேச்சு மட்டும் கேட்கும். அதற்குச் சிக்னல் கல் என்று பெயர். வீடியோ வேண்டுமென்றால் என்னிடம்தான் வரவேண்டும்.

வந்தார்கள். வந்தவர்களை வைத்துக்கொண்டுதான் நான் படுகிற பாடு. இந்தத் தொழிலில் மழை, இடி எல்லாவற்றையும் சமாளித்துவிடலாம், லயத்தைச் சமாளிக்க முடியாது. ஒரே தகரத்துக்குக் கீழே பன்னிரண்டு காம்பரா, காம்பராவுக்கு ஒரு குடும்பம். நடுச்சுவர் மேலே கூரை வரைக்கும் போகாது. ஒரு வீட்டில் மீன் பொரித்தால் பன்னிரண்டு வீட்டுக்கும் வாசம் வரும். வைபை மட்டும் வராமல் இருக்குமா? மூன்று வீடு என்னிடம் லைன் எடுத்தால் பன்னிரண்டு வீடும் பார்க்கும். பாஸ்வேர்டை மாற்றிப் பார்த்தேன். காலையில் மாற்றினால் பின்னேரம் பீலிக்கரையில் தண்ணி பிடிக்கிற பெண்கள் எல்லோருக்கும் மனப்பாடம். சொல்லாவிட்டால் கோபித்துக்கொள்வார்களாம். அப்புறம் ராத்திரி சாப்பாட்டு நேரத்துக்குப் பன்னிரண்டு வீடும் ஒன்றாக நாடகம் பார்க்கும், வட்டம் சுற்றும், சிக்னல் கல்லிலிருந்து எனக்குப் போன் வரும். "அக்கா, சுத்துது." இந்த இரண்டு சொல்லை நான் ஒரு நாளைக்கு எத்தனை தடவை கேட்கிறேன் என்று எண்ணத் தொடங்கி, இருபதில் விட்டுவிட்டேன்.

நாகலெட்சுமியின் மகள் ஆர்த்திகா அந்த இரண்டு சொல்லை என்னிடம் ஒருநாளும் சொன்னதில்லை. அதுதான் என்னை வதைத்தது. ஏ.எல். பரீட்சை முடித்துவிட்டு இரண்டு வருடமாக வீட்டில் இருந்தாள். கொழும்புத் துணிக்கடைக்கு வரச்சொல்லி இரண்டு பேர் கேட்டுவிட்டார்கள். அங்கே நாள் முழுக்க நின்றுவிட்டு எட்டுப் பேர் படுக்கிற அறையில் படுக்கவேண்டும். அவளுக்கு விருப்பமில்லை. அம்மாவைத் தனியே விடவும் முடியாது. அப்போதுதான் ஒரு கம்பனி, சாமான் வாங்கியவர்கள் தமிழில் கேட்கும் கேள்விகளுக்கு வீட்டில் இருந்துகொண்டே பதில் சொல்ல ஆள் தேடியது. இவள் எழுதிப்போட்டாள். வீடியோ இன்டர்வியூவுக்குக் கூப்பிட்டார்கள். அன்றைக்குப் பார்த்துக் கிரிக்கெட். எட்டாம் லயம் முழுக்க அவள் வீட்டு லைனில் தொங்கிக்கொண்டிருந்தது. மூன்றாவது கேள்விக்கு அவள் பாதி பதில் சொல்லும்போது படம் உறைந்துபோய், வாயைத் திறந்தபடி நாலு நிமிடம் அப்படியே நின்றிருக்கிறாள். அவர்கள் நல்லவர்கள். இன்னொரு தேதி கொடுத்தார்கள். கூடவே ஒரு வரியும் எழுதியிருந்தார்கள்: வீட்டிலிருந்து செய்கிற வேலை என்பதால், இம்முறையும் தொடர்பு அறுந்தால் மேற்கொண்டு பார்க்க இயலாது.

அந்தக் கடிதத்தைப் போனில் காட்டிக்கொண்டு கொட்டில் வாசலில் நின்றாள். "அக்கா, வெள்ளிக்கிழம பத்தரைக்கு. எனக்கு அரை மணித்தியாலம் மட்டும் சுத்தாம குடுக்க ஏலுமா?" என்று கேட்டாள். திட்டியிருந்தால் பதிலுக்குத் திட்டிவிட்டு மறந்திருப்பேன். "ஒனக்கு மட்டுந்தான் அன்னைக்கு லைன். போ" என்றேன்.

சொன்ன பிறகுதான் நாட்காட்டியைப் பார்த்தேன். அதே வெள்ளிக்கிழமை மாரியம்மன் கோயில் பால்குடம்.

திருவிழாக் கமிட்டியின் செயலாளர் தனுஷனைக் கூப்பிட்டேன். கையில் எப்போதும் இரண்டு போன் வைத்திருப்பான். குவைத்திலும் கட்டாரிலும் இருக்கிற நம் ஆட்களுக்காகப் பால்குடத்தை லைவ் போடுவது அவன் திட்டம். பதினொரு மணிக்கு முன்னே லைவ் கிடையாது, ஆர்த்திகாவுக்கு இன்டர்வியூ, அது முடிந்ததும் நானே வேகம் கூட்டித் தருகிறேன் என்று விளக்கமாகச் சொன்னேன். "சரிக்கா" என்றான். உடனே சொன்னான். அவ்வளவு சீக்கிரம் சரி சொல்கிறவனை நான் நம்பியிருக்கக் கூடாது.

வெள்ளிக்கிழமை முதல் ஆளாக மேட்டுக்கு ஏறி வந்தவர் ஆண்டியப்பன் மாமா. கோயிலுக்குத் தப்பு அடிக்கிறவர். அறுபது வயதுக்கு மேலே. தோளில் தப்பு தொங்க, மூச்சு வாங்க, நெற்றி நிறைய திருநீற்றோடு வந்து நின்றார். என் வாடிக்கையாளர்களிலேயே பெரிய தொல்லை அவர்தான். கிழமைக்கு மூன்று தடவை மேடேறி வந்து சண்டை பிடிப்பார்.

"என்னாம்மா, என் வீட்டு லைனுக்கு என்னா கேடு? காலையில இருந்து சுத்துது."

"வெட்டியிருக்கேன் மாமா. பதினொரு மணி வரைக்கும் எல்லாருக்கும் அப்படித்தான்."

"எல்லாரும் நானும் ஒண்ணா? என் மக குவைத்துல இருந்து இன்னைக்குத்தான் லீவு கேட்டு வாங்கியிருக்கா. அப்பா அடிக்கிறத பாக்கணும்னு நாலு வருஷமா சொல்லிக்கிட்டிருக்கா. கோயிலுக்குப் போறதுக்கு முந்தி வீட்டுல வச்சு அடிச்சுக் காட்டலாம்னா இது சுத்துது."

"நாகலெட்சுமி அக்கா மகளுக்கு இன்டர்வியூ மாமா. வேல விஷயம். போன வாட்டி நம்ம லைன் அறுந்துதான் போச்சு."

அவர் தப்பை ஒரு தோளிலிருந்து மறு தோளுக்கு மாற்றினார். "அந்தப் புள்ளைக்கு வேல கெடைக்கட்டும், வேணாங்கல. அதுக்கு என் வீட்டு லைனத்தான் வெட்டணுமா? ஒன்கிட்ட லைன் எடுத்ததுக்கு ரெண்டு புறா வளத்திருக்கலாம்" என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனார். படி முடிகிற வரைக்கும் அவருடைய முணுமுணுப்புக் கேட்டுக்கொண்டே இருந்தது. அவருக்குப் பின்னால் இன்னும் ஆறு பேர் சிக்னல் கல்லில் ஏறிப் போனில் திட்டினார்கள். எல்லோருக்கும் அதே பதிலைச் சொன்னேன். ஒன்பது மணிக்குத் தொண்டை கட்டிவிட்டது.

ஒன்பது ஐம்பதுக்கு நாகலெட்சுமியின் பெயருக்கு எதிரே பச்சைக் கோடு ஏறத் தொடங்கியது. இரண்டு, ஐந்து, பத்து. எனக்குச் சந்தோஷமாக இருந்தது என்பதை ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். பிள்ளை முன்கூட்டியே உட்கார்ந்து சோதித்துப் பார்க்கிறாள், கெட்டிக்காரி என்று நினைத்தேன். கீழே ஆற்றங்கரைப் பக்கமிருந்து தப்புச் சத்தம் மெல்லக் கேட்டது. பால்குடம் புறப்பட்டுவிட்டது போல. வெளியே பனிமூட்டம் இறங்கி, டவரின் மேல் பாதியைக் காணவில்லை. கோடு மட்டும் அசையாமல் நின்றது. நானே எனக்கு இன்னொரு தேத்தண்ணி ஊற்றிக்கொண்டேன்.

ஒரு விஷயம் மட்டும் இடித்தது. இன்டர்வியூ என்றால் வருவதும் போவதும் கிட்டத்தட்டச் சமமாக இருக்கும். இது எல்லாமே வெளியே போய்க்கொண்டிருந்தது. அந்த வீட்டுக்குள் எதுவும் வரவில்லை. பெரிய படமாக எதையோ வெளியே அனுப்புகிறார்கள். ஏதோ சோதனை என்று என்னை நானே சமாதானப்படுத்திக்கொண்டேன்.

பத்து எட்டுக்குப் போன் வந்தது. ஆர்த்திகா. காற்று சத்தம். சிக்னல் கல்லில் நிற்கிறாள் என்று தெரிந்தது.

"அக்கா, ஸ்கூல் டீச்சர்கிட்ட லெப்டொப் வாங்கிட்டு இப்பத்தான் வீட்டுக்கு வந்தேன். கூரையில டிஷ்ஷக் காணோம்."

"என்னா?"

"டிஷ்ஷக் காணோம் அக்கா. பைப்போட காணோம். உள்ளுக்கு ரவுட்டரும் இல்ல. அம்மா பால்குடத்துக்குப் போயிட்டாங்க."

நான் லெப்டொப்பைப் பார்த்தேன். நாகலெட்சுமி வீட்டு டிஷ் உயிரோடு இருந்தது. முன்னைவிட நல்ல சிக்னல் காட்டியது. கொட்டில் வாசலுக்கு வந்து பள்ளத்தைப் பார்த்தேன். பனி விலகிய ஓர் இடைவெளியில் கோயில் மேடு தெரிந்தது. கோயில் வாசல் மாமரத்தில் சீரியல் பல்புகளுக்கு நடுவே வெள்ளையாக ஒரு வட்டம். நாகலெட்சுமி வீட்டு டிஷ்.

"லெப்டொப்ப எடுத்துக்கிட்டுக் கோயிலுக்கு ஓடியா" என்றேன்.

மேட்டிலிருந்து கோயிலுக்கு இருநூற்றுச் சொச்சம் படி. செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு இறங்கினேன். இறங்கும்போதே கணக்குப் போட்டேன். டிஷ்ஷைக் கழற்றி எட்டாம் லயத்துக்குக் கொண்டுபோய், ஈரத் தகரத்தில் ஏறி, பனிக்குள் டவரைத் தேடித் திருப்பி வைக்கக் குறைந்தது முக்கால் மணித்தியாலம் ஆகும். கைவசம் வேறு டிஷ் இல்லை. இருந்த ஒன்றைப் போன மாத இடி தின்றுவிட்டது. இருப்பது இருபது நிமிடம். டிஷ் இருக்கிற இடத்தில் பிள்ளையை உட்கார வைப்பதைத் தவிர வேறு வழியில்லை.

கோயில் வாசலில் தனுஷன் முக்காலியில் போனை நிறுத்தி ஆற்றுப் பாதையைப் பிடித்துக்கொண்டிருந்தான். என்னைக் கண்டதும் முகம் மாறியது.

"அக்கா, நான் எடுக்கல. ஆன்டிதான் கொண்டாந்தாங்க."

"எந்த ஆன்டி?"

"நாகலெட்சுமி ஆன்டி. ரவுட்டர அம்மன் காலடியில வச்சுப் பூச போட்டு எடுக்கணும்னு காலையில கொண்டாந்தாங்க. முழு ஸ்பீடும் இதுக்குத்தான் குடுத்திருக்கீங்கன்னு அவங்களே சொன்னாங்க. சரி, பத்து மணி வரைக்கும் இங்க இருக்கட்டும் ஆன்டின்னு கேட்டோம். சாமி காரியம்னதும் சரின்னுட்டாங்க. டிஷ்ஷ மட்டுந்தாங்கா நாங்க போய் எடுத்தாந்தோம். பால்கொடம் பிந்திப்போச்சு."

உள்ளே எட்டிப் பார்த்தேன். ரவுட்டர் அம்மன் படிக்குப் பக்கத்தில் இருந்தது. நெற்றி என்று ஒன்று அதற்கு இருந்தால் எங்கே இருக்குமோ, அங்கே சந்தனமும் குங்குமமும். ஒரு செவ்வந்தி. பரீட்சைக்குப் போகிற பிள்ளைகளின் பேனாவை, அட்மிஷன் கார்டை, வெளிநாடு போகிறவர்களின் பாஸ்போட்டை எல்லாம் இந்தத் தோட்டத்தில் அப்படித்தான் வைப்பார்கள். நாகலெட்சுமி அக்காவும் மகளுக்கு முக்கியமான நாள் என்று இதை வைத்திருக்கிறார். எனக்குக் கத்த வேண்டும்போல இருந்தது. யாரைப் பார்த்துக் கத்துவது என்று தெரியவில்லை. நான் முப்பத்தெட்டு வீட்டுக்குக் குறைத்துச் சேர்த்து வைத்த வேகமெல்லாம் அந்தச் சந்தனப் பொட்டுக்குப் பின்னால் இருந்தது. போட்டி போட ஆள் இல்லாததால் லைவ் கண்ணாடி மாதிரி போய்க்கொண்டிருந்தது. முந்நூற்றுப் பன்னிரண்டு பேர் பார்க்கிறார்கள் என்று தனுஷனின் போன் சொன்னது.

"லைவ்வ நிப்பாட்டட்டுமாக்கா?" என்று கேட்டான்.

"படத்தக் கொறச்சுப் போடு. ரெண்டுக்கும் லைன் போதும்."

ஆர்த்திகா ஓடி வந்தாள். லெப்டொப்பைத் தாவணிக்குள் மூடிப் பிடித்திருந்தாள், பனி படக்கூடாதென்று. கோயிலுக்கு ஒட்டினாற்போல அரிசி, பாத்திரம் வைக்கிற அறை ஒன்று உண்டு. அண்டாவைக் கவிழ்த்து அதன் மேல் லெப்டொப்பை வைத்தோம். ரவுட்டரை நானே அம்மன் காலடியிலிருந்து எடுத்துக் கொண்டுவந்து பக்கத்தில் வைத்தேன். பூசாரி ஏதோ சொல்ல வாயெடுத்தார், என் முகத்தைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டார். பத்து இருபத்திரண்டு. லைன் பிடித்தது. படம் அசைந்தது. ஆர்த்திகாவின் முகம் திரையின் மூலையில் தெளிவாகத் தெரிந்தது, பின்னால் அடுக்கிய எவர்சில்வர் வாளிகளோடு.

அப்போதுதான் எனக்குக் காது கேட்டது. இவ்வளவு நேரமும் வேகம், வேகம் என்று நான் அலைந்துகொண்டிருந்தேன், சத்தத்தைப் பற்றி நினைக்கவே இல்லை. வாசல் ஸ்பீக்கரில் பக்திப் பாட்டு. ஆற்றுப் பாதையிலிருந்து நாலு தப்பு, ஒவ்வொரு அடிக்கும் அந்த அறையின் தகரக் கதவு அதிர்ந்தது. ஊர்வலம் கோயில் படிக்கு நூறு அடி தூரத்தில் வந்துவிட்டது. ஆர்த்திகா இரண்டு கையாலும் காதைப் பொத்திப் பார்த்தாள். "இன்டர்வியூ எடுக்கிற சேருக்கு என் சத்தம் கேக்காது அக்கா" என்றாள். அழவில்லை. அவள் அழுதிருந்தால் எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

ஸ்பீக்கர் வயரைப் பிடுங்கினேன். பாட்டு நின்றது. அதை நான் செய்யலாம். தப்பை நான் என்ன செய்வது? லெப்டொப்பில் எந்த வீட்டுக்கும் எவ்வளவு வேண்டுமானாலும் குறைப்பேன். நாலு தப்புக்கு என்னிடம் எண் இல்லை.

தோட்டத் தலைவர் லக்ஸ்மன் வேட்டியை மடித்துக்கட்டிக்கொண்டு ஓடி வந்தார். "யாரும்மா பாட்ட நிப்பாட்டினது?"

"நான்தாங்க. தலைவரே, ஒரு இருபது நிமிஷம் மோளத்த நிப்பாட்டச் சொல்லுங்க. உள்ளுக்கு ஆர்த்திகா இன்டர்வியூ குடுக்கப்போறா. இந்த வாட்டி கெட்டுச்சுன்னா அவ்வளவுதாங்க."

"பால்கொடம் வாசலுக்கு வந்திருச்சு. சாமி வர்ற நேரத்துல மோளம் நிக்கலாமா? நாளைக்கு ஒண்ணுன்னா ஒன்னையா கேப்பாங்க, என்னையத்தான் கேப்பாங்க."

அவரையும் குற்றம் சொல்ல முடியாது. போன வருடம் மழையில் பந்தல் சரிந்ததற்கே ஒரு மாதம் அவரைத்தான் பேசினார்கள். அதற்குள் மாமரத்தில் கட்டியிருந்த டிஷ் காற்றில் திரும்பத் தொடங்கியது. பழைய சேலைக் கிழிசலால் கட்டியிருந்தார்கள். ஓடிப்போய்ப் பைப்பை இரண்டு கையாலும் கட்டிப்பிடித்து, டவர் இருக்கும் திசைக்குத் திருப்பி நிறுத்தினேன். கையை எடுத்தால் திரும்பிவிடும். ஆக, அதற்குப் பிறகு நான் செய்யக்கூடிய வேலை அது ஒன்றுதான் என்று ஆகிவிட்டது. மரத்தோடு மரமாக நின்றுகொண்டு தலைவரைப் பார்த்துக் கத்தினேன். என் கத்தலும் தப்புச் சத்தத்தில் போய்விட்டது.

ஊர்வலம் படியில் ஏறியது. முன்னால் தப்புக்காரர்கள் நாலு பேர், ஆண்டியப்பன் மாமா நடுவில், பால்குடத்தைப் பார்த்தபடி பின்பக்கமாக நடந்து வந்தார். அவருக்கு எதிரே மஞ்சள் சேலையில் நாற்பது பெண்கள். முதல் வரிசையிலேயே நாகலெட்சுமி அக்கா. தலையில் குடம். மரத்தைக் கட்டிப்பிடித்து நிற்கும் என்னைப் பார்த்தார். அறை வாசல் வழியே மகளைப் பார்த்தார். குடத்தோடு தலையை அசைக்காமல் கண்ணை மட்டும் அகல விரித்தார். குடம் எடுத்தால் அம்மன் முன்னாலேதான் இறக்கவேண்டும், நடுவில் இறக்கக் கூடாது.

"பூச போட்டு எடுத்துட்டுப் போயிரலாம்னுதான் சுதா நெனச்சேன்" என்றார். உதட்டசைவைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன். "பத்து மணிக்குக் கொண்டாந்து மாட்டிருவோம்னாங்க."

ஆண்டியப்பன் மாமா அதைக் கேட்டிருக்கவேண்டும். அடித்துக்கொண்டே நாகலெட்சுமி அக்காவைப் பார்த்தார், தலையைத் திருப்பி அறையைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார்.

"காலையில எனக்கு வெட்டினியே, அது இதுக்குத்தானா?"

"ஆமா மாமா!"

"இப்பவா நடக்குது?"

"இன்னும் நாலு நிமிஷத்துல!"

அவர் முக்காலியில் இருந்த போனைப் பார்த்தார். அதற்குள்ளே குவைத்தில் எங்கேயோ ஒரு வீட்டுச் சமையலறையில் அவர் மகள் இருக்கிறாள். நாலு வருடமாகப் பார்க்க ஆசைப்பட்டது. இன்னும் இரண்டு வீச்சு அடித்தார். பிறகு கை நின்றது. பெருவிரலால் தோலை அழுத்தினார். காதைக் கொண்டுபோய்த் தோலில் வைத்தார்.

"தோல் எறங்கிருச்சு தலைவரே" என்றார். "பனியில வச்சு இழுத்தடிச்சா எறங்காம என்னா செய்யும்? காய்ச்சணும்."

"இப்பவா?"

"இந்தத் தோல்ல அடிச்சா ஈரச் சாக்குல தட்டுற மாதிரி இருக்கும். அம்மன் முன்னால அப்படி அடிக்கச் சொல்றீங்களா? சொல்லுங்க, அடிக்கிறேன்."

கோயில் விஷயத்தில் ஆண்டியப்பன் மாமாவை யார் வேண்டுமானாலும் அதட்டலாம். அங்கே நில், இங்கே வராதே, அதைத் தொடாதே என்று சின்னப் பையன்கூடச் சொல்வான். நான் பார்த்திருக்கிறேன். தோல் விஷயத்தில் மட்டும் யாரும் வாய் திறக்க முடியாது. மற்ற மூவரும் அவர் முகத்தைப் பார்த்துவிட்டு அவரவர் தோலை அழுத்திப் பார்த்தார்கள். "ஆமா, எல்லாம் எறங்கிருச்சு" என்றான் ஒருவன்.

தப்பு நின்றது. அந்தப் பள்ளத்தில் அப்படி ஓர் அமைதியைத் திருவிழா நாளில் நான் கேட்டதே இல்லை. வாசலோரத்தில் பழைய பேப்பரும் தேயிலைச் செடி வெட்டிய கவ்வாத்து மலையில் பொறுக்கிய காய்ந்த மிலாறுக் குச்சியும் வைத்து நெருப்பு மூட்டினார்கள். நாற்பது பெண்கள் குடத்தோடு படியில் அப்படியே நின்றார்கள். ஒரு குழந்தை சிணுங்கியது. யாரோ வாயைப் பொத்தினார்கள். யாருக்கு என்ன தெரியும், யார் யாருக்குச் சொன்னார்கள் என்று எனக்குத் தெரியாது. மரத்தைவிட்டு நகர முடியாத நான் பார்த்ததெல்லாம், ஒவ்வொரு தலையாக அந்த அறைப் பக்கம் திரும்பியதைத்தான்.

உள்ளேயிருந்து குரல் வந்தது. "குட் மோர்னிங் சேர். குட் மோர்னிங் மெடம்." பிறகு தமிழில், "ஆமாங்க, நல்லாத் தெளிவாக் கேக்குது."

தப்புக் காய்ச்சுவது நாலைந்து நிமிட வேலை. வட்டமாக நெருப்பில் காட்டித் திருப்பி, ஒரு தட்டுத் தட்டிப் பார்த்தால் போதும். ஆண்டியப்பன் மாமா தட்டிப் பார்க்கவே இல்லை. முதல் தப்பை ஐந்து நிமிடம் காய்ச்சினார். இரண்டாவதை வாங்கினார். மூன்றாவதை வாங்கும்போது தலைவர் குனிந்து, "காஞ்சிருச்சாய்யா?" என்று கேட்டார். அவரும் மெதுவாகத்தான் கேட்டார். "இன்னும் எறக்கமாத்தாங்க இருக்கு" என்றார் மாமா. நாலாவது முடிந்ததும், முதல் தப்பு இந்தப் பனியில் திரும்பவும் ஆறிவிட்டது என்று அதைக் கையில் எடுத்தார். தனுஷன் தன் போனைக் காட்டி என்னிடம் சைகை செய்தான். லைவ்வில், சத்தம் வரவில்லை, என்ன ஆச்சு, லைன் போச்சா என்று வரிசையாக எழுதிக்கொண்டிருக்கிறார்களாம். எனக்குச் சிரிப்பும் எரிச்சலும் ஒன்றாக வந்தன. வாழ்நாளில் ஒரே ஒரு தடவை என் லைன் நன்றாக ஓடுகிறது, அப்போதும் எனக்குத்தான் திட்டு.

என் கை மரத்துப்போயிருந்தது. பைப்பில் ஒழுகிய பனித்தண்ணீர் முழங்கை வழியே இறங்கிச் சட்டைக்குள் போனது. நாகலெட்சுமி அக்காவின் கழுத்து நரம்பு புடைத்திருந்தது. குடத்தின் விளிம்பில் பால் தளும்பி, ஒரு கோடாக நெற்றியில் இறங்கிக் கண்ணுக்குள் போனது. அவர் துடைக்கவில்லை. உள்ளே ஆர்த்திகா ஏதோ சொல்லிச் சிரித்தாள். அவர்களும் சிரித்தார்கள் போல. அடுத்து நீண்ட கேள்வி ஒன்று. அவள் யோசிக்கிற மௌனம். படம்தான் உறைந்துவிட்டதோ என்று பைப்பை இன்னும் இறுக்கிப் பிடித்தேன். பிறகு அவள் பேசத் தொடங்கினாள்.

மாமாவின் கையில் இருந்த தப்பின் ஓரம் கறுத்து, தோல் கருகுகிற வாசம் வந்தது. இன்னும் கொஞ்சம் போனால் வெடித்துவிடும் என்று எனக்கே தெரிந்தது, அவருக்குத் தெரியாதா? அவர் தலையைத் தூக்கி என்னைப் பார்த்தார். முடிந்ததா என்று புருவத்தால் கேட்டார். நான் அறை வாசலைப் பார்த்தேன். ஆர்த்திகா கையை அசைத்து அசைத்து எதையோ விளக்கிக்கொண்டிருந்தாள். இல்லை என்று தலையாட்டினேன். அவர் இன்னொரு மிலாறை நெருப்பில் தள்ளிவிட்டு, தப்பைத் திருப்பிப் பிடித்தார்.